அண்ணன் தூக்கிய திரிகைக் கட்டை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் அண்ணனின் சிநேகிதர்களுக்கும் வணக்கம். அண்ணன் காலமாகி இன்றோடு ஓராண்டு நிறைகிறது. எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல என் மூத்த மகன் எழுதுகிறான். நான் பேசுவது ஒரு மாதிரியும் இவன் எழுதுவது ஒரு மாதிரியும் இருக்கிறது. அச்சில் வருவதென்றால் அப்படித்தான் இருக்க வேண்டுமாம். இருந்துவிட்டுப் போகட்டும், விஷயம் என்னுடையது.

அண்ணன் பிறந்தது கொல்லிமலை வளப்பூர் நாட்டில், நாங்கள் இன்றும் குடியிருக்கும் இதே வீட்டில். எங்கள் தந்தையார் மலைக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது அண்ணனுக்கு மீசை அரும்பவில்லை, நான் தவழ்ந்துகொண்டிருந்தேன். சாமைக் காட்டையும் மிளகுக் கொடிகளையும் தாயாரோடு சேர்ந்து அவர்தான் காப்பாற்றினார். மிளகு மூட்டையைச் சுமந்து மலையிறங்கிக் கீழ்நாட்டுச் சந்தைக்குப் போவார். உப்பும் துணியும் வாங்கிக்கொண்டு ஏறி வருவார். அலுத்துக்கொண்டதில்லை. யாரையும் கடிந்து பேசியதும் இல்லை. அந்த வேலையை எங்கள் வீட்டில் நான் பார்த்துக்கொண்டேன்.

சந்தைக்குப் போகும் வழியில் ஒரு தேகப்பயிற்சிக் கூடம் இருந்தது. இருபுறமும் இரும்பு வட்டு மாட்டிய ஒரு தண்டை அங்கே ஒருவர் தலைக்கு மேல் தூக்கி நின்றதை அண்ணன் ஒருநாள் வாசலில் நின்று பார்த்தார். உள்ளே போகவில்லை. மலைக்காரர்களாகிய நாங்கள் யாரும் கூப்பிடாமல் கீழ்நாட்டு வாசல்களைத் தாண்டுவதில்லை. அவர் நின்ற இடத்திலிருந்து தண்டின் ஒரு முனை மட்டும்தான் தெரிந்தது. வட்டு கழன்று விழாமலிருக்க அந்த முனையில் ஒரு பெரிய குமிழை முடுக்கியிருந்தார்கள். அதைப் பார்த்த அண்ணன், தண்டு முழுவதும் அதே பருமன் என்று முடிவு கட்டிக்கொண்டு மலையேறிவிட்டார்.

எங்களுக்கு இரும்புக்கு எங்கே போவது? பலா மரத்தின் வைரம் பாய்ந்த கிளை ஒன்றை வெட்டி இழைத்தார். உடைந்து கிடந்த திரிகைகளின் மேல்கற்களைக் கேட்டு வாங்கி வந்து, கட்டையின் முனைகளை மட்டும் செதுக்கிக் கற்களின் குழியில் இறுக்கினார். நடுப்பகுதி எங்கள் உலக்கையைப் போல இரண்டு மடங்கு பருமன். கையால் வளைத்தால் கட்டை விரலும் மற்ற விரல்களும் ஒன்றையொன்று தொடவே தொடாது. கீழ்நாட்டு ஆள் பிடித்தானே, நம் கைதான் சிறியது போலிருக்கிறது என்று அண்ணன் நினைத்துக்கொண்டார்.

தொடக்கத்தில் கட்டை தரையை விட்டு எழுந்ததும் கையிலிருந்து உருண்டுவிடும். மணிக்கட்டு வீங்கிப்போகும். தாயார் ஆமணக்கு இலையை வாட்டி ஒத்தடம் கொடுப்பார். “கல்லத் தூக்குனா சோறு வருமா கண்ணு?” என்று கேட்பார். அண்ணன் சிரித்துவிட்டு மறுநாள் காலையில் மறுபடி குனிவார். பிறகு தாயார் முறத்திலிருக்கும் சாமையைப் புடைத்து முடிக்கும்வரை இடுப்புயரத்தில் பிடித்து நிற்கப் பழகினார். பிறகு இன்னொரு முறம் முடியும்வரை. தாயார் வேண்டுமென்றே மெதுவாகப் புடைப்பார், அவருக்கும் உள்ளூரப் பெருமைதான்.

இதையெல்லாம் பார்த்து அதிகமாகச் சிரித்தவர் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த என் வீட்டுக்காரர். எனக்குக் கல்யாணமான புதிது. மாவரைக்க ஆளில்லாமல் மச்சான் திரிகையையே தூக்கிக்கொண்டு திரிகிறார் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தார். அவர் வாய்க்குப் பூட்டுப் போட என்னாலேயே முடியவில்லை, சாதுவான அண்ணனால் முடியுமா?

ஒருமுறை மிளகு வாங்கும் வியாபாரி ஒருவர் அண்ணனை அந்தக் கூடத்துக்குள் கையைப் பிடித்து அழைத்துப் போனார். அங்கிருந்த தண்டை அண்ணன் பற்றினார். விரல்கள் சுற்றி வந்து உள்ளங்கையையே தொட்டன. வட்டுகளோடு அதைச் சட்டென்று தூக்கி நிறுத்திவிட்டு, உடைத்துவிட்டோமோ என்று பயந்து மெல்லக் கீழே வைத்தாராம். அங்கே பழக்கிக் கொடுக்கும் வாத்தியார் எங்கே பழகினீர்கள் என்று விசாரித்தார். “ஊட்டுலதானுங்க. ஆனா எங்கூட்டுது இதவிடப் பருமனுங்க” என்று அண்ணன் சொன்னார்.

வீட்டுக்கு வந்து தன் தப்பை அவரே சொல்லிச் சிரித்தார். இனியாவது கட்டையைச் செதுக்கி மெலிதாக்கலாம் என்று தாயார் சொன்னார். கை இதற்குப் பழகிவிட்டது, இருக்கட்டும் என்று அண்ணன் விட்டுவிட்டார். என் வீட்டுக்காரருக்கோ சிரிக்க இன்னொரு காரணம் கிடைத்தது.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது இருக்கிறது. எனக்கு முதல் பிரசவம். ஐப்பசி மழை விடாமல் கொட்டுகிறது. வலி வந்தும் பிள்ளை வரவில்லை. குறுக்கே கிடக்கிறது, கீழ்நாட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் இரண்டு உயிரும் தங்காது என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். டோலி கட்டினார்கள். டோலி என்றதும் பல்லக்கு என்று நினைக்க வேண்டாம். ஒரு பருத்த மூங்கில், அதில் தூளியாகக் கட்டிய கம்பளி, அவ்வளவுதான். முன்னால் என் வீட்டுக்காரர், பின்னால் அண்ணன், தோள் மாற்ற இரண்டு பங்காளிகள் கூட வந்தார்கள். என் தலை அண்ணன் பக்கம் இருந்தது.

செங்குத்தான ஓரிடத்தில் பாறை வழுக்கியது. என் வீட்டுக்காரர் விழுந்தார். அவர் தோளிலிருந்து நழுவிய மூங்கிலை இரு கையாலும் பிடிக்கப் பார்த்தார். மழையில் ஊறிய அந்தப் பருமன் பிடிக்குள் அடங்குமா? விட்டுவிட்டார். டோலி சரிவில் இழுத்துக்கொண்டு இறங்கியது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். அண்ணனின் தோளைவிட்டும் மூங்கில் உருவிக்கொண்டு போன நேரத்தில் அவர் அதன் நுனியைப் பற்றினார்.

என் முகத்துக்கு நேர் மேலே அந்தக் கைகள் இருந்தன. விரல் நுனிகள் ஒன்றையொன்று தொடவில்லை. மணிக்கட்டில் நரம்புகள் கயிறாக எழுந்து நின்றன. ஆனாலும் மூங்கில் அதற்குமேல் ஒரு விரற்கடைகூட நகரவில்லை. ஒரு காலைப் பாறையில் ஊன்றிக்கொண்டு, மூச்சுக்கூட வாங்காமல், “நாம் புடிச்சிருக்கறங் கண்ணு. நீ கண்ண மூடிக்க” என்றார். பங்காளிகள் ஓடிவந்து முன்பக்கத்தைத் தோளில் ஏற்றும்வரை என்னையும் பிள்ளையையும் அந்த இரண்டு கைகள்தான் வைத்திருந்தன. அவர் சொன்னபடி நான் கண்ணை மூடவில்லை. அதனால்தான் இன்று என்னால் இதைச் சொல்ல முடிகிறது.

பொழுது சாய்வதற்குள் அடிவாரம் சேர்ந்தோம். மாட்டு வண்டியில் ஆஸ்பத்திரி போனோம். ஆண் பிள்ளை பிறந்தது, நானும் பிழைத்தேன்.

மலையேறி வந்ததும் என் வீட்டுக்காரர் ஒரு காரியம் செய்தார். எங்கள் வீட்டுத் திரிகையின் மேல்கல்லைத் தூக்கிக்கொண்டு போய் அண்ணன் முன்னால் வைத்து, “இதையும் மாட்டிக்குங்க மச்சான்” என்றார். புதுத் திரிகை வரும்வரை கேழ்வரகு அரைக்க நான் அக்கம்பக்கத்து வீடுகளுக்குத்தான் நடந்தேன். ஆனால் தலை நிமிர்ந்து நடந்தேன்.

அதன்பின் எந்த வீட்டில் டோலி கட்டினாலும் பின்பக்கம் அண்ணனுக்கென்று ஆகிவிட்டது. மழையென்றும் வெயிலென்றும் பார்க்கமாட்டார், யாரென்றும் கேட்கமாட்டார். அவர் பிடித்த டோலி ஒன்றுகூடக் கை நழுவியதில்லை. இந்த நாட்டில் இதை மறுத்துச் சொல்ல ஒருவர் இருந்தால் வந்து என்னிடம் சொல்லட்டும்.

சென்ற ஆண்டு எங்கள் தந்தையாரைக் கொண்டுபோன அதே காய்ச்சல் அண்ணனுக்கும் வந்தது. யுத்த காலம், கொயினா மருந்து எங்கு தேடியும் போதுமான அளவு கிடைக்கவில்லை. குளிரில் உடம்பெல்லாம் உதறியது. அப்போதும் என் மகனைப் பக்கத்தில் அழைத்து அவன் மணிக்கட்டை அமுக்கிப் பார்த்தார். “பேனா புடிக்கறதுக்கு இது போதுஞ் சாமி” என்றார். இரண்டு நாளில் அமைதியாகப் போய்விட்டார்.

நோயில் இரவு பகல் பாராமல் உடனிருந்த அண்ணியாருக்கும், மழையில் மருந்து தேடி அலைந்த பங்காளிகளுக்கும், முறை வைக்காமல் போட்டி போட்டுக்கொண்டு அண்ணனைச் சுமந்து சென்றவர்களுக்கும், காகிதம் கிடைக்காத இக்காலத்தில் இம்மலரை அச்சிட்டுக் கொடுத்த அச்சகத்தாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. கட்டை எங்கள் வாசலில்தான் கிடக்கிறது. தூக்கிப் பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார், அசையவில்லை.

இவ்வளவும் எழுதிய என் மகன் மணிக்கட்டு வலிக்கிறது என்று கையை உதறுகிறான். அன்று டோலியில் என் வயிற்றில் இருந்தவன் இவன்தான். வலித்தால் வலிக்கட்டும். வலிக்க ஒரு கை இருக்கிறதே, அது அண்ணன் பிடித்த பிடியில் வந்த கை.