அறிக்கை வாசிக்கும் மெகருன்னிசா

“சாப்ட்டியா லா?” என்று கேட்டுவிட்டுத்தான் மெகருன்னிசா பாஸ்போர்ட்டுக்குக் கை நீட்டுவார். இல்லை என்று எவனாவது உண்மையைச் சொல்லிவிட்டால் போச்சு. மேசை இழுப்பறை திறக்கும், கண்ணாடித் தடுப்புக்கு அடியில் ஒரு கறி பஃப் வெளியே வரும். அவன் ஒரு கடி கடிக்கும்வரை பின்னால் நிற்கிற நாங்கள் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

நான் தேக்காவில் பயண முகவர் கடை ஒன்றில் வேலை பார்க்கிறேன். வாரம் தவறாமல் பாஸ்போர்ட் கட்டைத் தூக்கிக்கொண்டு அந்தத் தூதரகத்துக்குப் போவேன். எந்த நாட்டுத் தூதரகம் என்று கேட்காதீர்கள். அவர் பெயரையே மாற்றித்தான் எழுதுகிறேன். அங்கே கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர், பிடோக்கிலிருந்து பஸ் பிடித்து வருகிற தமிழ் முஸ்லிம் அம்மா. ஏர்கான் குளிருக்குப் பயந்து முக்காட்டோடு ஒரு பச்சை ஸ்வெட்டரும் உண்டு.

முத்திரை குத்துமுன் அதன்மேல் ‘ஹா’ என்று ஊதுவார். மை நன்றாகப் பிடிக்குமாம். புகைப்படம் சரியில்லை என்றால் சீப்பு நீளும். “இந்த மூஞ்சோட ஊருக்குப் போனா உன் பொண்டாட்டியே கதவ சாத்திடுவா. போ, தலைய சீவிட்டு வேற எடு லா.” திட்டு வாங்கியவன் சிரித்துக்கொண்டே போவான். அந்த நாட்டு மொழியை, அங்கிருந்து இங்கே வேலைக்கு வந்து வரிசையில் நிற்பவர்களிடமே கற்றுக்கொண்டவர். எந்த மாவட்டத்தில் எப்போது வெள்ளம் வரும், எங்கே மாம்பழம் இனிக்கும், எல்லாம் அத்துப்படி. ஒரு தடவைகூட அங்கே போனதில்லை.

போன வருடம் அங்கே கலவரம். ஆட்சிக்கு எதிராகத் தொடங்கி, சிறுபான்மை மதத்தாரின் தெருக்களில் போய் விடிந்தது. வீடுகள் எரிந்தன; கும்பிடுகிற இடங்களையும் விட்டுவைக்கவில்லை. வெளிநாடுகள் கேள்வி கேட்டதும் அரசாங்கம் ஓர் அறிக்கை விட்டது. மதத்தின் பெயரால் யாரும் துன்புறுத்தப்படவில்லை, நடந்தது வெறும் அரசியல் தகராறு, எல்லோரும் வீடு திரும்பிவிட்டார்கள் என்று. கேட்கிறவர்களுக்கு இதை வாசித்துக் காட்டு, மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசாதே என்று மெகருன்னிசாவுக்கு உத்தரவு.

முதலில் சந்தோஷமாகத்தான் வாசித்தார். “கவர்மெண்ட்டே எழுதிக் குடுத்திருக்கு லா. பயப்படாதீங்க.” ஆனால் சாப்பிட்டாயா என்று கேட்டுப் பழகிய வாய் சும்மா இருக்குமா? “வீட்ல பேசினியா? எல்லாரும் எங்க இருக்காங்க?” என்றும் கேட்டது. ஆற்றங்கரை ஊர்க்காரன் ஒருவன், தன் அம்மா இன்னும் அடைக்கலம் புகுந்த பள்ளிக்கூடத்தில்தான் தங்கியிருக்கிறாள் என்றான். அதே ஊர்க்காரன் இன்னொருவன், வீட்டுக்குத் திரும்பிப் போன அண்ணனை அடித்து விரட்டிவிட்டார்கள் என்று அழுதான்.

“மனசே சரியில்ல தம்பி,” என்றார் பஸ் நிறுத்தத்தில் என்னிடம். “எழுதுனது யாரோ. வாசிக்கிறது என் வாய்தானே?”

வேலையை விட்டுவிடுங்களேன் என்று நான் பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவைத்தேன்.

“வீட்ல படுத்த படுக்கையா ஒரு மனுஷன் இருக்காரு. அவர யாரு பாப்பா? நீயா?”

வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பிக்கிற வேலை அது. புதுப்பிக்க வேண்டிய மாதமும் அதுதான்.

அந்த வாரம் பூன் லே பக்கத்திலிருந்து, அந்தச் சிறுபான்மை மதத்தைச் சேர்ந்த வெல்டர் ஒருவர் வந்தார். கப்பல் பட்டறையில் நம்மவர்களோடு வேலை பார்த்துப் பிடித்த தமிழ்.

“அக்கா, என் பொண்டாட்டி, ரெண்டு பொண்ணு, மச்சான் வீட்ல இருக்கு. கவர்மெண்ட் சேஃப் சொல்லுது. எங்க வீட்டுக்குத் திரும்பிப் போ சொல்லவா? நீ சொல்லு அக்கா. நீ சொன்னா இப்பவே போன் பண்றேன்.”

எந்த ஊர் என்று கேட்டார் மெகருன்னிசா. அதே ஆற்றங்கரை ஊர்.

அதற்குள் உள்ளறையிலிருந்து அதிகாரி வந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். இந்த அம்மா கண்டதையும் கேட்கிறாள் என்று யாரோ போட்டுக் கொடுத்திருக்க வேண்டும். அறிக்கையை வாசிக்கச் சொன்னார். அட கடவுளே, இவருக்கா இந்தச் சோதனை!

மெகருன்னிசா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த நாட்டு மொழியிலேயே வாசித்தார். ஒரு சொல் விடவில்லை, ஒரு சொல் சேர்க்கவில்லை. யாரும் துன்புறுத்தப்படவில்லை. வெளியேறியவர்கள் வீடு திரும்பிவிட்டார்கள். மற்றவர்களும் அச்சமின்றித் திரும்பலாம். வெல்டர் போனைக் கையில் எடுத்துவிட்டார். ஆனாலும் அழைக்கவில்லை, அக்கா முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தாளைக் கீழே வைத்தார் மெகருன்னிசா. அதிகாரி அவர் முதுகுக்குப் பின்னால் அப்படியே நின்றிருந்தார். மெகருன்னிசா வெல்டரை நேராகப் பார்த்து, வாயைத் திறக்காமல், இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள்வரை மெதுவாக, வேண்டாம் என்று தலையை அசைத்தார்.