மடிப்புக்குள் போன கடிதம்

இருதயராஜுக்குத் தன் வேலை மேல் இருந்த நம்பிக்கையைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும். டன்லப் தெருவில் மாடியறைதான் எங்கள் கடை. கெட்டுப்போன ஹார்ட் டிஸ்க்கிலிருந்து படம், கடிதம் எல்லாவற்றையும் மீட்டுக் கொடுப்போம். வருகிறவர்களிடம் பேசுவது மருதப்பனாகிய நான். உள்ளே குனிந்து வேலை பார்ப்பது அவன்.

இருதயராஜ் தோ பாயோ வட்டாரத்தில் பிறந்தவன். டிஸ்க் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் உழைத்து, அதை மூடியதும் என்னோடு சேர்ந்தான். ஞாயிறு பூசை முடிந்ததும் மனைவி அந்தோனியம்மாளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சுவா சூ காங் காப்பிக்கடையில் பாலில்லாத கோப்பி ஓ ஒன்றோடு லேப்டாப்பைத் திறப்பான். அங்கே உட்கார்ந்து அவன் எழுதியதுதான் 'மடிப்பு' என்ற மென்பொருள். ஒரு டிஸ்க்கின் முழு நகலைச் சுருக்கி வைக்கும். பிறகு அதை விரிக்காமலே, டிஸ்க்கைச் செருகியது போலத் திறந்து காட்டும். யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று இணையத்தில் சும்மா போட்டு வைத்திருந்தான். "பைத்தியமாடா நீ?" என்று கேட்டால் சிரிப்பான்.

போன மார்ச்சில் புதுப் பதிப்பு வந்தது. அது நகல்களைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி அடையாள எண் போடும். இரண்டு துண்டுக்கு ஒரே எண் வந்தால் இரண்டும் ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டு, ஒன்றை மட்டும் சேமிக்கும். எங்களிடம் இருந்த வாடிக்கையாளர் நகல்கள் பாதி இடத்தில் அடங்கின. துண்டுகளை நேருக்கு நேர் ஒப்பிட்டால் நேரமாகிறது என்று அந்த ஒப்பீட்டை மட்டும் எடுத்துவிட்டான்.

"நம்பர் போதும் மருது. எவ்ளோ ஃபாஸ்ட் பாரு!"

இரண்டு வாரத்தில் முகம் தெரியாத ஒருவர் வெளிநாட்டிலிருந்து எழுதினார். ஒரு புகைப்படத்தின் பாதியில் வேறு யாருடைய வீடோ தெரிகிறதாம். இருதயராஜ் பதில் போட்டான்: "எங்களிடம் சரியாகத்தான் வருகிறது. உங்கள் கேபிளைப் பாருங்கள்." அந்த மனிதர் மறுபடி எழுதவில்லை. கேபிள் மட்டும்தானா என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் அடுத்த வாடிக்கையாளரைக் கூப்பிட்டேன்.

அந்த வாரம்தான் சாதியா வந்தாள். பொங்கோலில் ஒரு கிளினிக்கில் மருந்து கொடுக்கும் பெண். ஒரு முதியவருக்குத் தப்பான மருந்து போய்விட்டது, பழி இவள் தலையில். அந்த மருந்தின் லேபிள் மாறியிருக்கிறது என்று மூன்று நாள் முன்பே டாக்டருக்கு மின்னஞ்சல் எழுதியிருந்தாள். அப்படி ஒன்று வரவேயில்லை என்று சாதித்த கிளினிக், அவளுடைய மின்னஞ்சல் கணக்கையும் மூடிவிட்டது. அதன் ஒரே நகல் அவளுடைய செத்துக்கொண்டிருந்த லேப்டாப்பில். உரிமம் பற்றிய விசாரணையில் தோற்றால் இனி எங்கேயும் அவள் மருந்தைத் தொட முடியாது.

டிஸ்க் 'டக் டக்' என்று அடித்துக்கொண்டே நகலைக் கொடுத்துவிட்டு, அன்றே உயிரை விட்டது. நகலில் கடிதத்தைத் திறந்து மூவரும் படித்தோம். சாதியா அழுதேவிட்டாள்.

"ஃபோன்ல ஒரு ஃபோட்டோ எடுத்துக்கட்டுமா அண்ணே?"

"அதெல்லாம் செல்லாதும்மா, போலின்னுடுவாங்க. முழு நகலாத்தான் கொடுக்கணும். நாங்க பத்திரமா வெச்சிருக்கோம் லா." சொன்னது நான்தான்.

எங்கள் கடை வழக்கம் ஒன்று உண்டு. நகலை மடித்து, சோதனையில் 'சரி' என்று வந்தால் மடிக்காத நகலை அழித்துவிடுவோம். 'சரி' என்று வந்தது. அழித்தேன்.

விசாரணைக்கு முந்தின வெள்ளிக்கிழமை, நகலை வாங்கிப்போக வந்தாள். இருதயராஜ் மடிப்பைத் திறந்தான். கோப்பின் பெயர், தேதி, நேரம் எல்லாம் அச்சு அசலாக இருந்தன. கடிதத்தைச் சொடுக்கினான்.

'தயிர் சாதம், இருநூறு பேர். கேசரி, இருநூறு பேர்.'

எதிர்க்கடைச் சமையல்காரர் வேலாயுதத்தின் கல்யாணப் பட்டியல். அவருடைய டிஸ்க் நகலையும் நாங்கள்தான் மடித்து வைத்திருந்தோம். அவர் துண்டுக்கும் இவள் துண்டுக்கும் ஒரே எண் விழுந்திருக்கிறது. முதலில் வந்தது தங்கிவிட்டது. சோதனையும் அதே எண்ணைத்தான் பார்க்கும். மறுபடி ஓட்டினான். 'சரி' என்றது.

"என் லெட்டர் எங்கண்ணே?"

இருதயராஜ் நடந்ததை அவளிடம் சொன்னான். சாதியா நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்கு ஒரு வார்த்தை விடாம மனப்பாடம். நான் சொல்றேன், நீங்களே டைப் பண்ணி உள்ள வெச்சிடுங்க. தேதிதான் இருக்கே!"

"செய்டா ராஜு," என்றேன். வெட்கமில்லாமல்தான் சொன்னேன்.

"அது போலி மருது." இருதயராஜ் கீபோர்டைத் தள்ளிவைத்தான். "தப்பு என் மேலன்னு எழுதித் தரேன். திங்கக்கிழமை கூடவே வரேன் சாதியா."

போனான். சொன்னான். மூவரும் கண்ணால் பார்த்தோம் என்றான். விசாரித்தவர்கள் அவன் கொடுத்த தாளைப் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்கள்: உங்கள் கணினியில் இருப்பதை நம்ப முடியாது என்று நீங்களே எழுதியிருக்கும்போது, அந்தக் கடிதம் இருந்தது என்பதை மட்டும் எப்படி நம்புவது? சாதியாவின் உரிமம் போயிற்று. வெளியே நானும் நின்றிருந்தேன்; எங்களைத் தாண்டி நேரே பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

அன்று மாலையே இருதயராஜ் இணையத்தில் எச்சரிக்கை போட்டான்: புதுப் பதிப்பை நிறுத்துங்கள், மூல நகலை அழிக்காதீர்கள். அதற்குள் பதினோராயிரம் பேர் அதை எடுத்திருந்தார்கள். யார் யாருடைய என்னென்ன அதற்குள் மடிந்திருக்கிறதோ, பாவம். ஒரு மணி நேரத்தில் முதல் பதில் வந்தது. ஏதோ ஒரு ஊர் மருத்துவமனை. அவன் படிக்காமல் திரையை என் பக்கம் திருப்பினான்.

"சோதித்துப் பார்த்தோம். எங்களிடம் சரியாகத்தான் வருகிறது. மூல நகல்களைப் போன வாரமே அழித்துவிட்டோம். நன்றி."