எட்டிப்பாறை எந்த ஆபீசுக்கு?

எல்லை போடும் வேலையில் ஒரு வசதி உண்டு: கோடு போடுகிறவன் அதன்மேல் நடக்க வேண்டியதில்லை. ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கிச் செருப்பு தேய்ந்த தோழர்களே, உங்களை அலையவிட்டவர்களில் நானும் ஒருவன். கல்வராயன் மலையில் எந்த ஊர் எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்தக் கரண்ட் ஆபீசுக்கு என்று கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்து பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றே கிலோமீட்டர்

எட்டிப்பாறை என்ற குக்கிராமத்தை, வரைபடத்தில் மூன்றே கிலோமீட்டரில் இருந்த கிழக்கு சுகாதார நிலையத்தோடு சேர்த்தேன். மேற்கில் இருந்தது ஏழு கிலோமீட்டர். பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பில் ஊரைப் பார்க்கவும் போனேன்.

சின்னப்பொண்ணு என்ற ஒன்பது மாதக் கர்ப்பிணி என்னைப் பிடித்துக்கொண்டார். கிழக்கே போகிற வழியில் பாலமில்லாத ஓடை. மழை பிடித்தால் பத்து நாள் கடக்க முடியாது. அவருக்கோ பிரசவம் ஐப்பசியில். மேற்கு நிலையத்தில், "உங்க ஊரு எங்க லிஸ்டுல இல்ல" என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அவர் நிதானமாகச் சொன்னார்: "கோடு போட்டவரு முன்னால நடங்க சார், நான் வவுத்தப் புடிச்சிகினு பின்னாலயே வரேன்."

இரண்டு லைன்மேன்கள்

ஊரில் நாலு நாளாகக் கரண்டும் இல்லை. அதுவும் என் கைங்கரியம்தான். ஊரைக் கிழக்கில் சேர்த்த நான், கம்பத்தை மேற்கிலேயே விட்டுவிட்டேன். யாராவது வந்து பார்த்தார்களா என்று ஊர்த் தலைவரைக் கேட்டேன். "ரெண்டு பக்கத்து ஆளும் வந்தாங்க சார். எங்களுது இல்லன்னு ஒருத்தருக்கொருத்தர் கும்புடு போட்டுட்டுப் பூட்டாங்க."

புதன்கிழமைச் சந்தை

அப்போதுதான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்: நீங்களாகப் போனால் எந்தப் பக்கம் போவீர்கள்? மேற்கேதானாம். கடுக்காயும் புளியும் விற்பது அங்கே புதன்கிழமைச் சந்தையில். பெண் கொடுப்பது, எடுப்பது எல்லாமும் அந்தப் பக்கம்தான். சந்தை நாளில் ஜீப்பும் ஓடும். ஆஸ்பத்திரி, கரண்ட், போலீஸ் எல்லாவற்றையும் மேற்கில் சேர்த்துப் புதுப் பட்டியல் எழுதினேன்.

ஏழு கிலோமீட்டரைப் பார்த்ததும் எங்கள் அதிகாரி பேனாவை மூடிவிட்டார். கெஞ்சிக் கூத்தாடி அவரை ஓடைக்கு அழைத்துப் போனேன். முந்தின நாள் நல்ல மழை. தண்ணீர் இரு கரையும் புரண்டு ஓடியது. அதைப் பார்த்தவர், ஜீப் பானெட்டின் மேலேயே கையெழுத்துப் போட்டார். "இதுல இன்னாய்யா மூணு கிலோமீட்டரு?"

பெண் குழந்தை

உத்தரவு போன ஒன்பதாம் நாள், அடைமழையில், சின்னப்பொண்ணுக்கு மேற்கு நிலையத்தில் பெண் குழந்தை பிறந்தது. பன்னும் பழமும் வாங்கிக்கொண்டு போனேன். குழந்தையைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். "உனக்காகத்தாம்மா எல்லையையே மாத்தினேன்" என்று பீற்றிக்கொண்டேன். அவர் சிரித்தார். "நாங்க எப்பவும் வர்ற வழியிலதான் சார் வந்தோம். நீங்கதான் சுத்திகினு வந்து சேந்தீங்க."

இத்தனை வருஷ சர்வீசில் நான் பிழையில்லாமல் போட்ட ஒரே எல்லை, அந்த ஊர்ச் சனம் புதன்கிழமைதோறும் நடந்தே போட்டுவைத்திருந்ததுதான்.