நாலாவது காம்பு

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கொண்டுவருவது என்று முடிவானதும் அண்ணி என்னிடம், "நீயே எழுதும்மா. நான் எழுதுனா சண்டையத்தான் எழுதுவேன்" என்று சொல்லிவிட்டார். உடன்பிறந்த தங்கை என்ற உரிமையில் எழுதுகிறேன். சண்டையையும் சேர்த்தே எழுதுகிறேன். அதை விட்டுவிட்டு அண்ணனைப் பற்றிச் சொன்னால், அவரை அறிந்த நீங்கள் யாரும் நம்பமாட்டீர்கள்.

ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்துச் சிற்றூரில், கரும்பு வெட்டும் கூலிக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாக அண்ணன் பிறந்தார். எங்களுக்கு நிலம் கிடையாது. அப்பா வேறொருவருடைய மாட்டை வாரத்துக்கு வளர்த்தார். பால் மாட்டுக்காரருக்கு, பிறக்கும் கன்று எங்களுக்கு என்பது பேச்சு. கிடேரிக் கன்று பிறந்தது. எங்கள் வீட்டுக்கு வந்த முதல் சொத்து அதுதான். அந்தச் சமயம் பார்த்துப் பால் விலை ஏறியது. மாட்டுக்காரர் வீட்டு ஆள் இரு வேளையும் வந்து துளி மிச்சமில்லாமல் கறந்துகொண்டு போவார். வெறும் மடியை முட்டி முட்டிக் கன்று எலும்பும் தோலுமானது. அண்ணன் கஞ்சி ஊட்டிப் பார்த்தார், அது பிழைக்கவில்லை. அதைப் புதைத்ததும் அவர்தான்.

பிறகு அவரே மாடு வாங்கி, கல்யாணமும் முடித்து, சொசைட்டிக்குப் பால் ஊற்ற ஆரம்பித்தபோது ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். மூன்று காம்புதான் கறப்பார். நாலாவது காம்பு கன்றுக்கு. ஊரில் பலரும் இப்படிச் செய்பவர்கள்தான். ஆனால் தனியார் வண்டி தெருவுக்குள் வந்து சொசைட்டியைவிடக் கூட்டிக் கொடுத்தால், அந்த நாலாவது காம்பையும் கறந்துவிடுவார்கள். அண்ணன் மட்டும் கறக்க மாட்டார். எதிர் வீட்டுச் சகோதரி அவரைப் பார்த்து, "இன்னாண்ணா, வெல இப்டி ஏறிக்கினு போவுது, நீங்க கன்னுக்கு விருந்து வெக்கிறீங்க" என்று சிரிப்பார். அண்ணன் அவரிடம் சொன்ன பதில் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். "வெல ஏறுறதும் எறங்குறதும் மூணு காம்புக்குத்தாம்மா. நாலாவதுக்கு வெலயே கெடயாது."

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. குடித்தனம் நடத்திய அண்ணிக்கு அப்படி இருக்கவில்லை. அண்ணன் மகளை, என் மருமகளை, நர்சிங் படிக்கவைக்க வேண்டியிருந்த வருஷம் பாலுக்கு நல்ல விலை. நாலையும் கறந்தால் அந்த வருஷமே சேர்த்துவிடலாம். என் முன்னாலேயே அண்ணி கேட்டார்: "கன்னு பசி தெரியிது ஒங்களுக்கு. நம்ம புள்ள ஏக்கம் தெரியலியா?" அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு தவிட்டைப் பிசைந்துகொண்டிருந்தார். மருமகள் ஒரு வருஷம் கழித்துத்தான் சேர்ந்தாள். அந்த ஒரு வருஷத்தை அண்ணி மறக்கவே இல்லை. இருவரில் யார் பக்கம் நியாயம் என்று என்னைக் கேட்டால், இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஏறிய விலை நிலைக்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் எங்கே பார்த்தாலும் பால். தனியார் வண்டிக்காரர் விலையைக் குறைத்துக்கொண்டே வந்து, ஒருநாள் வருவதையே நிறுத்திக்கொண்டார். சொசைட்டியிலும் எல்லாப் பாலையும் எடுக்க முடியவில்லை. புண்ணாக்கு விலை மட்டும் இறங்கவில்லை. சின்னசேலம் பக்கத்துத் தரகர்கள் வந்து, கேட்ட விலைக்கு மாடுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கள் தெருவில் கட்டுத்தறிகள் காலியாயின. அண்ணனிடமும் தரகர் வந்தார். "தீனி போட்டு கட்டுப்படியாவாதுங்க, வந்த வரைக்கும் லாபம்" என்றார். அண்ணிக்கும் அதுதான் சரி என்று பட்டது. அண்ணன் விற்கவில்லை. விலை போகாத பாலையெல்லாம் கன்றுகளுக்கு விட்டார். கட்டுத்தறியை அண்ணியிடம் ஒப்படைத்துவிட்டு, வெள்ளிமலைக்கு ஜீப் ஏறி மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் கூலிக்குப் போனார்.

"அண்ணன் ஊர்ல இல்லாதப்ப நீங்க நாலையும் கறந்திருப்பீங்களே" என்று அண்ணியை நான் கேலி செய்வதுண்டு. "கறந்தா மட்டும் வாங்க எவன் இருந்தான்?" என்பார் அண்ணி.

அந்த மழைக்காலத்துக் கன்றுகள்தான் பிறகு அண்ணனின் தொழுவத்தை நிறைத்த கறவைகள். விலை மறுபடி ஏறியபோது, விற்றவர்கள் இரண்டு பங்கு விலை கொடுத்து மாடு தேடினார்கள். அண்ணன் ஒரு மாடும் வெளியில் வாங்கவில்லை. இதைச் சொல்லி அவர் ஒருநாளும் பெருமை பேசியதில்லை. பேசினால் அண்ணி நர்சிங் கதையை எடுப்பார் என்ற பயமும் இருந்திருக்கும்.

போன வருஷம் நெஞ்சு வலி என்று கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நர்ஸாக இருக்கும் மகளே பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டாள். அப்போதும் அண்ணன் அண்ணியைக் கேட்டது, "பாலு இன்னா வெல போவுது?" என்றுதான்.

"ஏறிக்கினேதான் இருக்குது. நல்ல வெல" என்றார் அண்ணி, அவர் சந்தோஷப்படட்டும் என்று.

"அப்ப கன்னுங்கள பாத்துக்க" என்றார் அண்ணன். நான் கேட்க அவர் பேசிய கடைசிப் பேச்சு அது.

அடக்கம் முடிந்த மாலை, பாலைக் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிடலாம் என்று உறவுக்காரப் பையன் வாளியை எடுத்தான். பெண்கள் நடுவே உட்கார்ந்திருந்த அண்ணி எழுந்து தொழுவத்துக்குப் போனார். நாங்கள் பதறிப் பின்னால் ஓடினோம். அவர் எல்லாக் கன்றுகளையும் அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தார். பால்குடி மறந்த கிடேரிகளையும்கூட அவிழ்த்தார். "இன்னிக்கி ஒரு காம்பும் கறக்க வேணாம். எல்லாம் அதுங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுத்தான் வாய்விட்டு அழுதார். அதுவரை அவர் அழவில்லை.

மறுநாள் காலை, அடக்கம் செய்த இடத்தில் பால் தெளிக்கப் போக வேண்டும். ராத்திரி முழுக்கக் கன்றுகள் குடித்துவிட்டதால், ஊருக்கே பால் ஊற்றிய வீட்டில் ஒரு டம்ளர் பால் இல்லை. சொல்லி அனுப்பாமலே தெரு முழுக்கச் சொம்போடு வந்து நின்றது. பாலுக்கு அவ்வளவு விலை இருந்த வாரத்தில், யாரும் குறைத்து ஊற்றிக்கொண்டு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் துணையாக நின்றவர்களுக்கும், வண்டி பிடித்துக் கொடுத்தவர்களுக்கும், பந்தல் போட்டுச் சோறாக்கிய உறவின்முறையாருக்கும், தூரம் பாராமல் மலையிலிருந்து இறங்கி வந்த நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது. பால் கொண்டுவந்த எங்கள் தெருவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று கடைசியாக வந்தவர் எதிர் வீட்டுச் சகோதரி. சொம்பை அண்ணியின் கையில் கொடுத்து, "அக்கா, இது மூணு காம்புல கறந்ததுதான். கன்னு பங்குல கைய வெக்கல. அண்ணனுக்கு தைரியமா ஊத்துங்க" என்றார்.

அந்தப் பாலைத்தான் முதலில் ஊற்றினோம்.