பினாயில் மணக்கும் வார்டு

பால் பாக்கெட்டில் தேதி பார்த்த பிறகும் மோந்து பார்க்காமல் குடிக்க மாட்டாள். பூட்டிய கதவை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்குவாள். ஓவியக் கல்லூரியில் அவளுக்கு 'தும்மல்' என்று பட்டப்பெயர். தூசி பட்டால் போதும், தும்மலில் ஆரம்பித்து இளைப்பில் வந்து நிற்கும். அப்படிப்பட்ட மகராசி இறுதி ஆண்டு வேலைக்குத் தேர்ந்தெடுத்ததே தூசியைத்தான்!

ஊருக்கு வெளியே ஒரு காசநோய் மருத்துவமனை வருஷக்கணக்காக மூடிக் கிடந்தது. பின்சுவர் இடிந்த இடத்தில் நுழைந்து, பசை தடவிய வெள்ளைத் துணியை வார்டின் தரையில் விரித்து, உருளையால் அழுத்தி உரித்தெடுப்பாள். தூசி அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். கட்டில் கால்கள் நின்ற இடம் மட்டும் வட்ட வட்டமாக வெளுத்திருக்கும். முதல் துணியைக் கல்லூரிச் சுவரில் மாட்டியபோது ஆசிரியர் கிட்டப் போய் வட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"யாரோ இன்னும் படுத்திருக்கற மாதிரி இருக்கும்மா. ஒவ்வொரு வார்டுக்கும் ஒண்ணு கொண்டு வா. நீ பாஸாகறது இதை வச்சுத்தான்."

வீட்டில் உண்மையைச் சொல்லவில்லை. "காலேஜ்ல சுவர் தேய்க்கிறோம்மா" என்று வாய்கூசாமல் சொல்லி வைத்திருந்தாள். அம்மா வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள். நாள் முழுக்கக் கடகடவென்று ஓடும் மிஷின், மகளின் போன் அடித்தால் மட்டும் நின்றுவிடும். உலகத்தையே சந்தேகப்பட்டவள் அதைக் கவனிக்கவில்லை.

விஷயம் முழுக்கத் தெரிந்த ஒரே ஆள் வகுப்புத் தோழி 'ஒட்டடைக்குச்சி'. வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரம். உயரத்துக்கேற்ற பாதம். "படகைக் கழட்டி வெளில வைடி" என்று தும்மலின் அம்மாவே கேலி செய்யும் அளவுக்கு அந்த வீட்டில் அவள் சொந்தம். போன வருஷம் பாதம் வரையும் பயிற்சிக்குத் தும்மல் வருஷம் முழுக்க அவள் காலைத்தான் வரைந்து பாராட்டு வாங்கினாள்.

மூன்றாவது வார்டில்தான் அது ஆரம்பித்தது. கதவைத் தள்ளினால் பினாயில் வாசம். தரை பளிச்சென்று இருந்தது. நோயாளியும் இல்லாமல் நர்ஸும் இல்லாமல், யார் வந்து துடைத்துவிட்டுப் போவது? பயத்தை விழுங்கிக்கொண்டு அடுத்த வார்டுக்குத் துணி தயார் செய்தாள். மறுநாள் போனால் அதுவும் சுத்தம். எந்த வார்டுக்குப் போகப்போகிறாள் என்று தெரிந்தவர்போல் யாரோ முந்திக்கொண்டே இருந்தார்கள். மிஞ்சியது கோடியில் ஒரே ஒரு வார்டு.

முதலில் முன்கேட்டில் உட்காரும் காவலாளியோ என்று சந்தேகம். அவர் அந்தப் பக்கமே வருவதில்லை என்று தெரிந்தது. பிறகு மனசு சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் வந்து நின்றது. எந்த வார்டு என்று முந்தின நாளே போனில் சொன்னது யாரிடம்?

கேன்டீனில், நாலு பேர் முன்னால், கேட்டே விட்டாள்.

"என் வேலையைக் கெடுத்தா உனக்கு முதல் இடம் கிடைச்சிடுமா?"

ஒட்டடைக்குச்சி முதலில் சிரித்தாள். விளையாட்டில்லை என்று புரிந்ததும் முகம் செத்துப்போனது. பாதி சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். அன்றோடு பேச்சு நின்றது. தும்மலுக்கு அதுவே சாட்சியாகப் பட்டது.

அன்று சாயங்காலம் ஆசிரியருக்குப் போன் செய்தாள். "கோடி வார்டு மட்டும்தான் சார் பாக்கி. நாளை மறுநாள் எடுத்துடறேன்." மறுநாள் காலையிலேயே போய், அந்த வார்டுக்கு முன்னால் நடைபாதை முழுக்கப் பிளாஸ்டர் பொடியைத் தூவிவிட்டு வந்தாள்.

அடுத்த நாள் வார்டு வழக்கம்போல் துடைத்துக் கிடந்தது. ஆனால் வெளியே பொடியில், கலைந்துபோன தடங்களுக்கு நடுவே, ஒரு இடது கால் செருப்புத் தடம் அச்சு அசலாக விழுந்திருந்தது. விரல் பக்கம் குறுக்கே சின்னதாக ஒரு கோடு. "மாட்டினியாடி!" என்று, இதற்கென்றே கொண்டுவந்த கறுப்புத் துணியை விரித்துத் தடத்தை உரித்தெடுத்தாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு முதல் துணியில்கூட வரவில்லை.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தாள். பக்கத்தில் அம்மாவின் ரப்பர் செருப்பு குப்புறக் கிடந்தது. வார் பிய்ந்த இடத்தில் அடியில் ஊக்குப் போட்டிருந்தது. ஊக்கைச் சுற்றி வெள்ளைப் பொடி.

உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மா, நீயா?"

மிஷின் நின்றது.

"ஆமா, நான்தான். காலேஜ்னு சொல்லிட்டு எங்கயோ போயிட்டு வர்ற. எவனோ ஒருத்தன் பின்னாடி சுத்தறியோன்னு நெனச்சுதான் வந்தேன். வந்து பார்த்தா அந்தப் பாழடைஞ்ச இடத்துல தரையில உருண்டுட்டிருக்க. எவனாவது இருந்திருந்தாகூட நிம்மதியா இருந்திருப்பேன்."

"கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா உண்மையா சொல்லப்போற? நெஞ்சு நோய்க்காரங்க கெடந்த எடம்டி. நீயே மூச்சு விட முடியாம உக்காந்திருக்கறவ. போகாதன்னா கேக்க மாட்ட. அதான் நீ போறதுக்கு முன்னாடி கூட்டித் தொடச்சு வச்சேன்."

கோபப்பட வாய் திறந்தவளுக்கு அழுகைதான் வந்தது. ஒட்டடைக்குச்சிக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. அன்று முழுக்க எடுக்கவில்லை.

கண்காட்சியில் தூசித் துணி இரண்டையும் சுவரில் மாட்டி, செருப்புத் தடத்தை மட்டும் தரையில் விரித்தாள். ஆசிரியருக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. பார்த்தவர்கள் ஏதோ பேய் நடந்த மாதிரி தள்ளி நின்றார்கள். அம்மா மட்டும், "இது ஒண்ணுதான் பாக்கச் சுத்தமா இருக்கு" என்றாள்.

கூட்டம் குறைந்ததும் ஒட்டடைக்குச்சி வந்தாள். தடத்தைப் பார்த்தாள். அம்மாவின் காலைப் பார்த்தாள். "செருப்பை மாத்துங்கம்மா, ஊக்கு குத்திடப் போகுது" என்றாள்.

"என்னை மன்னிச்சிடுடி. இதைப் பார்த்தப்பகூட நீதான்னு நெனச்சேன்" என்றாள் தும்மல்.

ஒட்டடைக்குச்சி தன் செருப்பைக் கழற்றி, துணிக்குப் பக்கத்தில் காலை வைத்தாள். தடம் அவள் விரல்கள் தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிட்டது.

"ஒரு வருஷம் முழுக்க என் காலைத்தானே வரைஞ்ச?" என்று கேட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.