சிமிழின் பின்புறம் வைத்த அரக்கு

2023 நவம்பர் 18, சனிக்கிழமை, காலை பத்து நாற்பது. வண்டியூர்ப் பக்கம் குடையை விரிப்பதா மடக்குவதா என்று தெரியாத தூறல். நானும் மனைவியும் பங்குச் சாமியாரின் அறையில் உட்கார்ந்திருந்தோம். மேசை மேல், கைக்கடிகார முகம் அளவுக்கு ஒரு பித்தளைச் சிமிழ்.

அதற்குள் இருந்தது ஒரு புனிதையின் திருப்பண்டம். ஐரோப்பாவில் அரச குடும்பத்தில் பிறந்து, அரண்மனை ரொட்டியை ஏழைகளுக்கு அள்ளிக் கொடுத்தவர். கடுகில் பாதி அளவு எலும்பு. பின்மூடியில் சிவப்புப் பட்டு நூல் நான்கு சுற்று. முடிச்சின் மேல் அந்த ஊர் ஆயரின், அதாவது பிஷப்பின், அரக்கு முத்திரை. கூடவே லத்தீனில் பதினேழு வரிச் சான்றிதழ். கன்னியர் மடத்தில் இருந்த மனைவியின் சின்னம்மா, சாகுமுன் அவளிடம் கொடுத்தது. பத்தொன்பது வருடம் பீரோவில் கிடந்தது.

மறுநாள் அந்தப் புனிதையின் திருவிழா. முத்திரையும் சான்றிதழும் சரியாக இருந்தால் பீடத்தில் வைக்கலாம், சனங்கள் உதடு வைத்து முத்தி செய்யட்டும் என்று சாமியார் சொல்லியிருந்தார். சின்னம்மா ஆசைப்பட்டதும் அதற்குத்தான். அந்த வாரம் முழுக்க என் மனைவிக்குச் சரியான தூக்கம் இல்லை.

நான் தபால் துறையில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவன். அதில் இருபத்திரண்டு வருடம் பதிவுப் பார்சல். முத்திரை கெட்ட பார்சல் ஒன்றைக்கூட வாங்கியதில்லை. வியாழக்கிழமை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அந்த அரக்கில் மூன்று விரிசல். ஓர் ஓரம் உதிர்ந்தே போயிருந்தது. சாமியார் திருப்பி அனுப்பிவிடுவாரே என்று கவலை பிடித்துக்கொண்டது. அவள் காலைப் பூசைக்குப் போயிருந்த நேரம், வீட்டில் கிடந்த அரக்குக் குச்சியை உருக்கி ஐந்து சொட்டு விட்டு, பழைய இருபத்தைந்து பைசாவால் அழுத்தினேன். கச்சிதமாக வந்தது. அவளிடம் சொல்லவில்லை.

சாமியார் சிமிழைத் திருப்பி, சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். சான்றிதழைப் பார்த்தார். மறுபடி சிமிழைப் பார்த்தார்.

“ஐயா, அந்த ஊர் ஆயருக்கு நம்ம அசோகச் சிங்கம் எப்படிக் கெடச்சுச்சு?”

ஒப்புக்கொண்டேன். வேறு கை பட்ட முத்திரையை நம்பிப் பொது வணக்கத்துக்கு வைக்கத் திருச்சபைச் சட்டம் இடம் தராது என்றார். கோபமில்லை, வருத்தம்தான். ஆயர் இல்லத்தில் காட்டிப் பாருங்கள் என்று வழியும் சொன்னார்.

ஆயர் இல்லம் போக ஆட்டோ பிடித்தோம். அவள் வெளியே பார்த்தபடி, “பார்சல்னு நெனச்சுட்டீகளாக்கும்? எடை போட்டு ஸ்டாம்பும் ஒட்டியிருக்கலாம்ல” என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “விரிஞ்சிருந்தா விரிஞ்சதாவே காட்டியிருப்பேன்.”



ஆயர் இல்லத்தில் வயதான சாமியார் ஒருவர் ஊசி முனையால் என் அரக்கைப் பெயர்க்க உட்கார்ந்தார். பழைய அரக்கைச் சூடாக்காமல் மேலே விட்டிருந்தேன். தொழிலில் அது தப்பு; சரியாக ஒட்டாது. அன்று அந்தத் தப்புதான் காப்பாற்றியது. நாற்பது நிமிடத்தில் மொத்தமும் ஒரே வில்லையாகக் கழன்று வந்தது. அடியில் நூல் அறுபடவில்லை. பழைய முத்திரையில் பதிந்திருந்த ஆயர் தொப்பியும் குஞ்சங்களும் முக்கால் பங்கு மிச்சம். சான்றிதழில் இருந்த சின்னத்தோடு ஒவ்வொரு குஞ்சமாக ஒத்துப் பார்த்தார். நானும் கூடவே எண்ணினேன். ஆயரிடம் காட்டி, புது முத்திரையும் ஒரு கடிதமும் வாங்கி வந்தார். சிமிழை அவள் கையில்தான் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாமியார் சிமிழைப் பிடித்திருக்க, அவள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு முத்திக்கும் கண்ணாடியை வெள்ளைத் துணியால் துடைத்தாள். எனக்கு முன்னால் இருநூற்றுப் பதினான்கு பேர். என் முறை வந்ததும் குனிந்து காதருகே, “கையைப் பின்னால கட்டிக்கிட்டு முத்தி செய்யுங்க” என்றாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. அப்படியே செய்தேன்.

ஆட்டோவுக்குக் காத்திருப்போடு நானூற்று எண்பது. ஆயர் இல்லத்து உண்டியலில் அவள் போடச் சொன்னது ஐந்நூறு. ஆக, நான் விட்ட ஐந்து சொட்டு அரக்குக்கு மொத்தம் தொள்ளாயிரத்து எண்பது ரூபாய்.