முக்காடு இல்லாத போட்டோ

புற்றுநோய்க்காரர்களுக்கு நிதி திரட்டும் வேலையில் முதலீடு ஒன்றே ஒன்றுதான்: போட்டோ. உண்டியல் தூக்கிக் கடை கடையாக ஏறியவர்களுக்கு இது தெரியும். மற்றவர்கள் என் வயிற்றெரிச்சலைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அம்பத்தூரில் ஒரு பட்டறையில் எனக்கு நிரந்தரமாக நைட் ஷிப்ட். பகலில் படுத்தால் தூக்கம் வராது. சும்மா புரண்டுகொண்டு கிடப்பானேன் என்று, நாலு பேர் சேர்ந்து நடத்தும் ஒரு சின்னக் குழுவோடு உண்டியல் தூக்கப் போனேன்.

கூந்தல் செய்த கெடுதல்

அந்த வருஷம் எங்களிடம் வந்தவர் மல்லிகா. திருமுல்லைவாயிலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்று வீடுகளுக்குச் சமைப்பவர். புருஷன் இல்லை. மார்பில் கட்டி; ஆறு தடவை ஊசி மருந்து ஏற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். முதல் ஊசிக்கு முன்னால் எடுத்த போட்டோவை உண்டியலில் ஒட்டிக்கொண்டு கரையான்சாவடி மெயின் ரோட்டில் ஏறி இறங்கினேன். படத்தில் பின்னல் முன்பக்கம் தொங்கும். கொஞ்சம் சிரித்த மாதிரியும் இருப்பார். ஒரு பாத்திரக் கடைக்காரர் காசைப் போட்டுவிட்டு, அதற்கப்புறம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார். போட்டதைத் திரும்ப எடுக்க முடியாத வருத்தம் முகத்தில் தெரிந்தது.

"நல்லா தெம்பா கீது. இதுக்கா கேன்சரு? வேற யார்னா சீக்காளி போட்டோ இருந்தா எட்த்துகினு வா, நைனா."

திருப்பதி மொட்டை

இரண்டாவது ஊசிக்குள் முடி மொத்தமும் கொட்டிவிட்டது. சமைக்கும் வீடுகளில் திருப்பதியில் மொட்டை போட்டதாகச் சொல்லிவைத்தார். நம்பினார்கள், லட்டு எங்கே என்றும் கேட்டார்களாம். ஆவடியில் ஒரு ஸ்வீட் ஸ்டாலில் வாங்கிக் கொடுத்தாராம். இதைச் சொல்லி அவரே சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள், முக்காடு இல்லாமல் ஒரு படம் வேண்டும் என்று கேட்டேன். எந்த வாயால் கேட்டேனோ. தலையிலிருந்து முந்தானையை இறக்கினார்.

"கையில வெச்சிக் காட்டு, அண்ணாத்தே. போன்ல எவனுக்கும் அனுப்பாத. நான் சமைக்கிற ஊட்டுக்குத் தெரிஞ்சிதுன்னா என் கையால ஒருத்தரும் துன்ன மாட்டாங்க."

கண் கலங்கும் படம்

சத்தியமே செய்தேன். அது திருமழிசை வரைக்கும் தாங்கியது. அங்கே தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி மேனேஜர், தங்கமான மனுஷர், மீதி ஊசிகள் அத்தனைக்கும் கம்பெனியே கொடுக்கும், ஆனால் மேலிடத்துக்குப் படம் அனுப்ப வேண்டும் என்றார். அடுத்த ஊசிக்கு ஐந்து நாள், உண்டியலில் சில்லறைதான். பின்னல் வைத்த படத்தை நீட்டினேன். வேண்டாம் என்றார். மற்றதைக் காட்டினேன். காட்டியதோடு நிற்காமல் அவர் போனுக்கு அனுப்பியும்விட்டேன். மேனேஜருக்குத் திருப்தி.

"பாத்தவொடனே கண்ணு கலங்குது பாருங்க சார். இதத்தான் நான் மொதல்லயே கேட்டேன்."

லக்கேஜ்

கம்பெனி உதவியை மேடை போட்டுக் கொடுத்தது. பணம் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. என் கைக்கு வந்தது கதவு அகலத்துக்கு ஓர் அட்டை செக். விட்டுவிட்டுக் கிளம்பினால் மரியாதையாக இருக்காதாம். அதைச் சுமந்துகொண்டு பூந்தமல்லி பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் அட்டைக்கும் டிக்கெட் கேட்டார். தர்ம காரியம் என்று இழுத்தேன்.

"இம்மாம் பெரிய செக்க வெச்சிகினு லக்கேஜ் டிக்கெட்டுக்கு அழுவுறியே, மாமே."

அக்கறை

மேனேஜர் அந்தப் படத்தைத் தன் சிநேகிதர்களுக்கும் அனுப்பியிருக்கிறார், நல்ல எண்ணத்தில்தான். நாலாம் நாள் அது மல்லிகா சமைக்கும் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் வந்து நின்றது. உதவிப் பணம் கொட்டியது. அதே வாரம் மூன்று வீடுகளும் அவரை நிறுத்தின.

அதில் ஒரு வீட்டுக்கு நியாயம் கேட்கப் போனேன். கதவைத் திறந்த அம்மா கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவர், ஊர் கரூர்ப் பக்கம். உட்காரவைத்துக் காபி கொடுத்தார். இது ஒட்டுவாரொட்டி நோய் இல்லை என்று எட்டாவது படித்தவன் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொண்டதையெல்லாம் சொன்னேன். அவருக்கு அது என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. மாமனார் மாமியார் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார். சாமி பேரைச் சொல்லிப் பொய் சொன்னதுதான் மனசுக்குக் கஷ்டம் என்றார்.

"அவங்க நல்லா ரெஸ்ட் எடுக்கட்டுங்க. நாங்க அனுப்பிச்ச அமவுண்ட் வந்துருச்சுங்களா?"

ஆறாவது ஊசி

ஆறும் போட்டாயிற்று. கட்டி நன்றாகச் சுருங்கியிருப்பதாக டாக்டர் சொன்னாராம். மன்னிப்புக் கேட்கப் போனவன் வாசலிலேயே நின்றேன். மல்லிகா திட்டவில்லை. முக்காடும் போட்டிருக்கவில்லை, இனி யாருக்கு மறைப்பது? வேலை கேட்டுப் போகிற இடத்திலெல்லாம் வாட்ச்மேனே அடையாளம் கண்டுபிடித்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று அன்பாக விசாரித்து, கேட்டிலேயே அனுப்பிவிடுகிறானாம்.

"பொழச்சிகினேன். அதுக்கு நீதான் காரணம், இல்லேன்னு சொல்லல. பொழச்சிகினு எந்த ஊட்டுக்கு வேலைக்குப் போறது, அண்ணாத்தே?"

உண்டியல் தூக்கும் சக பாவிகளே, ஊராரின் இரக்கம் ஒருநாள் சரியான விலாசத்தைக் கண்டுபிடித்துவிடும் என்பதுதான் நம் தொழிலில் உள்ள ஒரே அபாயம்.